கடைசி வீட்டுக் குழாய்

நான் பார்க்கும் வேலையை என் மாமியாரிடம் விளக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். ஊரில் இருக்கிற குழாய், தெருவிளக்கு, குப்பைத்தொட்டி எல்லாவற்றிலும் சென்சார் மாட்டி, அவை என்ன நிலைமையில் இருக்கின்றன என்பதை ஒரு திரையில் காட்டுகிற புரோகிராம் எழுதுவது. அதற்கு ஸ்மார்ட் சிட்டி என்று பேர். அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "மருமக என்ன பண்ணுது?" என்று விசாரித்தபோது, "வீட்ல இருந்துக்கிட்டே குழாய் வேலை பாக்குது" என்றார். கேட்ட அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வாஷரை மாற்றிப் பாருங்கள் என்றேன். மாற்றினாராம், சரியாகிவிட்டதாம். என் படிப்புக்கு எங்கள் சொந்தத்தில் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதியதெல்லாம் வேறு ஊர்களுக்கு. நான் போயிராத ஊரில் எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனை விளக்கு எரியாததைப் பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் நகர் தாடிக்கொம்பு போகும் சாலையில் இருக்கிறது. எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். நகருக்கென்று ஒரு மேல்நிலைத் தொட்டி உண்டு. குடியிருப்போர் சங்கம் நான்கு நாளைக்கு ஒருமுறை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்துவிடும், ஒரு மணி நேரம். குழாய் முதல் வீட்டிலிருந்து கிளம்பி ஒவ்வொரு வீடாக வந்து பதினான்காவது வீட்டில் முடியும். எங்களுடையது பதின்மூன்று.

தண்ணீர் வரும் காலையில் எங்கள் தெருவுக்குள் வருகிற வெளியூர்க்காரர், இது ரொம்பப் பக்தியான தெரு என்று நினைப்பார். ஆறு மணிக்கு எல்லா வீட்டு டிவியும் முழுச் சத்தத்தில் பாடும். ஒரு வீட்டில் முருகன், ஒரு வீட்டில் மாதா, டிவி ரிப்பேரான வீட்டில் வெறும் மிக்ஸி ஓடும். விஷயம் பக்தி அல்ல. குழாயில் நேராக மோட்டாரை மாட்டித் தண்ணீரை உறிஞ்சுவது சங்க விதிப்படி குற்றம். மோட்டார் சத்தம் வெளியே கேட்கக் கூடாது, அவ்வளவுதான். எல்லோரும் மோட்டார் வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் அது தெரியும், எல்லோரும் ஏழு மணிக்கு டிவியைக் குறைத்துவிட்டு வெளியே வந்து, "இன்னைக்கு ஃபோர்ஸே இல்ல" என்று வருத்தப்பட்டுக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் மோட்டார் என்ற சொல்லே கிடையாது. 'அது' என்போம். "அதப் போட்டாச்சா?" என்பார் அத்தை. "அத நிறுத்துங்க, யாரோ வாராக" என்பேன் நான். பதினான்காம் வீட்டை ஒட்டிய சந்தில், கவிழ்த்த சிமெண்டுத் தொட்டிக்கு அடியில் அது இருந்தது. ஒரு குதிரை சக்தி. அத்தைக்கு முட்டி வலி, குடம் தூக்க முடியாது, மாடித் தொட்டி நிறைந்தாக வேண்டும். இதை நான் நியாயம் என்று சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு முட்டி இருந்தது.

அந்த நேரத்தில் எங்கள் மேனேஜர் புதிதாக ஒன்று கேட்டார். கோயம்புத்தூரில் இருக்கிறவர், திரையில் மட்டும் பார்த்த முகம். ஒரு பெரிய நகரத்துக்குக் காட்டுவதற்கு முன்னால், மோட்டார் போடுகிற வீட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றை ஏதாவது சின்னத் தெருவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். "உங்க தெருவுலயே பண்ணலாமே" என்றார். நானும் தலைகால் புரியாமல் சரியென்று சொல்லிவிட்டேன்.

சங்கத் தலைவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரத்துக்குச் செய்கிறவர், மோட்டார் வைக்காத அபூர்வப் பிறவி. நான் விளக்கி முடிக்கும் முன்பே, "மாட்டும்மா. எல்லாப் பயலும் மாட்டட்டும்" என்றார். சோப்பு டப்பா அளவில் ஒரு சென்சார், வீட்டுக்கு ஒன்று. குழாய்க்குள் தண்ணீர் என்ன அழுத்தத்தில் இருக்கிறது என்று பத்து விநாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் யாரோ உறிஞ்சுகிறார்கள். எந்த வீட்டில் ரொம்பக் கீழே இறங்குகிறதோ அந்த வீடுதான் திருட்டு வீடு. அப்படித்தான் எழுதினேன். எளிமையான விதி.

சென்சார் மாட்டிய அந்த வாரத்தில் தெருவே சுத்தமானது. நாலாம் வீட்டுக்காரர் தன் மோட்டாரைச் சிறுமலை அடிவாரத் தோட்டத்துக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஒன்பதாம் வீட்டில் அதைத் துடைத்துப் பரணில் போட்டார்கள். அவரவர் நல்லவர்களாகிக் கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் மட்டும் விவாதம் நடந்தது.

"ஏத்தா, நீயே நம்ம வீட்டுக்கு வினை வைப்பியா?" என்றார் அத்தை.

என் கணவர் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். "நம்ம வீட்டு சென்சார்லதான நீ முதல்ல சோதனை பண்ணுன? அது டெஸ்ட் டிவைஸ்தான? டெஸ்ட் டிவைஸக் கணக்குல சேப்பாங்களா?" என்றார்.

சேர்க்க மாட்டார்கள். சோதனைக் கருவியின் தகவலை மற்றதோடு கலக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் நல்ல பழக்கம். நான் நல்ல பழக்கத்தைக் கடைப்பிடித்தேன். புரோகிராமில் ஒரே ஒரு வரி. திரையில் பதின்மூன்றாம் வீடு சாம்பல் நிறமானது. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்தில் அது அடங்கிவிட்டது.

முதல் தண்ணீர் நாள். ஆறு மணி. எந்த வீட்டிலும் பாட்டு இல்லை, எங்கள் வீட்டைத் தவிர. லேப்டாப்போடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வீடுகள் பச்சை, அதாவது உறிஞ்சல் இல்லை. ஆறு ஐந்துக்குப் பதினான்காம் வீடு மஞ்சளாகி, சிவப்பானது. நகர் வாட்ஸ்அப் குழுவில் புரோகிராம் தானே செய்தி போட்டது: "வீடு 14: மோட்டார் உறிஞ்சல் கண்டறியப்பட்டது." அந்த வாக்கியம் நான் எழுதி வைத்தது.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலை செய்கிறது! அதற்கப்புறம்தான் பதினான்காம் வீடு யாருடையது என்பது மண்டையில் ஏறியது.

அது இடியாப்பக்கார அக்கா வீடு. வாடகைக்கு இருந்தார்கள். அவருடைய வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, மூச்சிரைப்பு வந்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். அக்கா காலையிலும் சாயங்காலமும் இடியாப்பம் அவித்து விற்றுக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். நோன்பு மாதத்தில் ஆர்டர் இரண்டு மடங்காகும். அதிர்ந்து பேச மாட்டார். எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் காலைச் சாப்பாடு அவரிடம்தான்.

"அடிப்பாவி!" என்று வாய்விட்டே சொன்னேன். எங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

"பாத்தியா, வாயில விரல வச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டு" என்றார் அத்தை. நானும் ஆமாம் என்றேன். ஊரே திருந்திவிட்டது, இவருக்கு மட்டும் என்ன கொழுப்பு என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இரண்டு நாள் இடியாப்பம் வாங்கவில்லை. உப்புமா சாப்பிட்டோம். நேர்மைக்காகக் கொஞ்சம் கஷ்டப்படலாம் என்று தோன்றியது.

அடுத்த தண்ணீர் நாளும் பதினான்கு சிவப்பு. தலைவர் இரண்டு பேரையும், மரியாதைக்குத் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டைச் சோதனை போட்டார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், பரணில் பார்த்தார்கள், அரிசி டிரம்முக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். நாலாம் வீட்டுக்காரர் இடியாப்பம் பிழியும் உரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மோட்டார் இல்லை. அதனால், மிகத் திறமையாக ஒளித்துவைத்திருக்கிறார் என்று முடிவு செய்தார்கள்.

"எங்க வீட்டுக்குத் தண்ணியே வரலைங்கிறேன். மோட்டார் போட்டா வராதா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். கேள்வி நல்ல கேள்வி. யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் சங்கம் கூடியது. தலைவர் என்னை எழுப்பி, "ஏம்மா, உன் சென்சார் தப்பாச் சொல்லுமா?" என்று கேட்டார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சென்சாருக்கு யார் மேலயும் கோவம் கிடையாதுங்கய்யா. இருக்கிறதத்தான் காட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். சினிமாவில் டாக்டர் பேசுவது போலப் பேசினேன் என்று என் கணவர் அப்புறம் சொன்னார். அடுத்த ஞாயிறு பதினான்காம் வீட்டு இணைப்பைத் துண்டிப்பது என்று தீர்மானம் ஆனது.

தண்ணீர் இணைப்பு இல்லாத வீட்டில் இடியாப்பம் அவிக்க முடியாது. வீட்டின் சொந்தக்காரர் அதற்குள் அக்காவுக்குப் போன் போட்டு, இப்படிப் பிரச்சினை என்றால் வேறு வீடு பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். கூட்டம் கலைந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்தார். அழவில்லை. "நீயாவது ஒருநா வந்து உக்காந்து பாரும்மா. உனக்குத்தான் தெரியும்" என்றார்.

போனேன். நிரூபிக்கத்தான் போனேன். வியாழக்கிழமை தண்ணீர் நாள். ஆறு மணிக்கு முன்பே அவர் சமையலறையில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டேன். குழாய்க்கடியில் காலிக் குண்டான். அக்கா குழாயைத் திறந்தார். ஆறு மணி தாண்டியதும் அது தண்ணீரைக் கொடுப்பதற்குப் பதிலாக உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அக்கா பழக்கமாக அதை மூடினார். மூடியதும் திரையில் கோடு பூஜ்யத்துக்குக் கீழே விழுந்தது. சமையலறையில் நானும் அக்காவும் குண்டானும்தான் இருந்தோம். எந்த மோட்டாரும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு டிவியில் பாடிய முருகன் பாட்டையும் மீறி நன்றாகவே கேட்டது.

கணவருக்குப் போன் போட்டேன். "அத நிறுத்துங்க" என்றேன். ஏன் என்றார். நிறுத்துங்க என்றேன், கொஞ்சம் சத்தமாக. சத்தம் நின்றது. கோடு மேலே ஏறியது. அக்கா குழாயைத் திறந்தார். இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. "போடுங்க" என்றேன். கொட்டிய தண்ணீர் நூலாகி நின்றது. மூன்று முறை போட்டு, மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். அக்கா தண்ணீர் வரும்போதெல்லாம் ஒரு பாத்திரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். எங்கள் மோட்டார் இழுத்த இழுப்பில் எங்களுக்கு அப்புறம் இருந்த குழாயும் சேர்ந்து வறண்டது. அழுத்தம் எங்கள் வீட்டில்தான் ரொம்பக் குறைவு. ஆனால் எங்கள் வீடு கணக்கில் இல்லை. அதற்கு அடுத்த இடத்தில் இருந்த வீட்டைப் புரோகிராம் பிடித்துக்கொடுத்தது. களவு கொடுத்தவரைக் கள்ளி என்று சொல்லும் ஒரு புரோகிராமை நான் எழுதியிருந்தேன், பிழையில்லாமல்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தை வாயைப் பிளந்தார். கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "சென்சார்ல கோளாறுன்னு சொல்லிரு. அந்தக்கா தப்பிச்சிரும். நம்மளும் தப்பிச்சிருவோம்" என்றார். கணக்குப்படி சரியாகத்தான் வந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு வந்தது. தொட்டிக்கு அடியில் பிளம்பர் பையோடு நின்றிருந்தார். அக்கா ஓரமாக நின்றார். நான் எழுந்து, "அய்யா, பதினாலாம் வீட்டு சென்சார்ல ஒரு சின்னக் கோளாறு. அந்தக்கா மேல தப்பில்ல" என்றேன்.

"அப்ப இம்புட்டு நாளா அது சொன்னதெல்லாம் பொய்யா?" என்றார் நாலாம் வீட்டுக்காரர். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். ஒன்பதாம் வீட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி பரண் இருக்கிற திசையைப் பார்த்தார்.

"பொய் சொல்ற மிஷின எதுக்கு வச்சிருக்கணும்? கழட்டிரலாம்" என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

கழற்றினால் என்ன நடக்கும் என்று கண்டுபிடிக்கப் புரோகிராம் தேவையில்லை. அடுத்த தண்ணீர் நாளில் சிறுமலை அடிவாரத்தில் இருந்து மோட்டார் திரும்பி வரும், தெரு முழுக்க டிவி பாடும், கடைசி வீட்டுக் குழாய் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அக்கா கள்ளி இல்லை என்று ஆகிவிடும். தண்ணீர் மட்டும் வராது. அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்ன கோளாறை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. அன்றைக்குப் பாத்திரம் மாற்றி வைத்தவர் அவர்தானே.

"கோளாறு இல்லைங்கய்யா" என்றேன். "மோட்டார் எங்க வீட்ல இருக்கு. எங்க வீட்ட நான் கணக்குல சேக்கல."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா சென்சாரே வச்ச?" என்றார். ஆமாம் என்றேன். என் கணவர் தொட்டியின் அடிப்பாகத்தை, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காது மடலெல்லாம் எனக்குச் சுட்டது. அந்தக் கூட்டத்தில் தலைவரையும் அக்காவையும் தவிர அத்தனை பேரும் வைத்திருந்தவர்கள்தான், ஆனால் அந்த நிமிஷம் அத்தனை பேரும் உத்தமர்களாக நின்றார்கள்.

தீர்மானம் தீர்மானம்தான் என்றார் தலைவர். பிளம்பர் வந்தது வீணாகவில்லை. பதினான்குக்குப் பதிலாகப் பதின்மூன்றாம் வீட்டுக் குழாயை வெட்டி மூடி போட்டார். ஒரு மாதத் தண்டனை. அத்தை என்னோடு பேச்சை நிறுத்தினார். மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார், வேலை போகும் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர், "அப்போ டெஸ்ட் டிவைஸையும் கணக்குல சேத்துருங்க" என்றார். அத்தோடு முடிந்தது.

அடுத்த தண்ணீர் நாள் காலையில், சந்துப் பக்கம் சுவருக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது. "குடத்தக் குடும்மா" என்றார். வேண்டாங்கக்கா என்றேன். "அட குடு. வயசானவுக வச்சிருக்கீக" என்றார். கொடுத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக நிறைத்துச் சுவருக்கு மேலே வைத்தார். நான் இறக்கிக்கொண்டே இருந்தேன். நாலாவது குடத்தில் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, மோட்டார் எங்க வீட்லதான் இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தம் கேக்கும்ல" என்றார்.

"பின்ன ஏன்க்கா சொல்லல?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "சொல்லத்தாம்மா வந்தேன். போன கோடையில. தண்ணி வரல, சங்கத்துக்கு ஒரு மனு எழுதிக் குடுன்னு உன்கிட்ட வந்தேன்ல. வந்துட்டு எப்படிச் சொல்றதுன்னு நின்னேன். நீ பாட்டுக்கு உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்ட. சந்துல மோட்டார் ஓடுது. நான் பேசுறது உனக்குக் கேக்கல. நீயே எந்திரிச்சுப் போயி சந்துக் கதவச் சாத்திட்டு வந்து, 'இப்பச் சொல்லுங்கக்கா'ன்ன."

கதவைச் சாத்தியது எனக்கு ஞாபகமே இல்லை. மனு நன்றாக வந்திருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.